முழங்கால் ஓரத்துக் கட்டி: நீரை எடுத்தும் ஏன் திரும்பி வருகிறது?

வாசகர் கடிதம்

ஐயா, நாங்கள் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 46 வயது. 20 வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறார். எட்டு மாதங்களாக வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. காலையில் சிறிதாகவும், மலையிலிருந்து இறங்கி வரும் மாலையில் பெரிதாகவும் தெரிகிறது. காலை முழுதாக மடக்கினால் கட்டியைக் காணவில்லை. கட்டியின் மேல் வலியும் இறக்கத்தில் குத்தலும் இருக்கின்றன. டவுனில் ஒரு தனியார் வைத்திய நிலையத்தில் ஊசியால் நீரை எடுத்தார்கள்; ஏழு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. பிறகு முறிவு வைத்தியர் ஒருவரிடம் எண்ணெய் போட்டுத் தேய்த்தோம். வலி கூடியதுதான் மிச்சம். கடைசியில் கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அறிக்கையின் பிரதியை இணைத்திருக்கிறேன். அதில் உள்ள 'கிரேட் 3' என்பது புற்றுநோயின் மூன்றாம் கட்டம் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர் சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒப்பரேஷன் செய்தால் கால் முடமாகிவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். அம்மா பிரஷருக்கு மருந்து எடுக்கிறார். சீனியும் சற்றுக் கூடுதலாக இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். மீண்டும் நீர் எடுப்பதா, ஒப்பரேஷன் செய்வதா, இப்படியே விடுவதா? வரும் பருவத்தில் சிவனொளிபாத மலை ஏறுவதாக நேர்த்தியும் வைத்திருக்கிறார். ஏறலாமா?

பதில்

அன்புள்ள மகளுக்கு,

முதலில் அம்மாவை அருகில் உட்கார வைத்து இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் அனுப்பிய அறிக்கையை வரி வரியாகப் பார்த்தேன். அதில் புற்றுநோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழங்கால் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வரும் 1, 2, 3 என்ற இலக்கங்களுக்கும் புற்றுநோயின் கட்டங்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற கசியிழையத்தில் (குருத்தெலும்பில்) ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரிந்தால் 1 என்றும், அது கோடாக நீண்டும் மேற்பரப்பைத் தொடாமல் இருந்தால் 2 என்றும், கோடு மேற்பரப்பைத் தொட்டுவிட்டால் 3 என்றும் எழுதுவார்கள். ஆகவே 'கிரேட் 3' என்பதன் பொருள், மெனிஸ்கஸ் உண்மையாகவே கிழிந்திருக்கிறது என்பதுதான். அறிக்கையை ஆங்கிலத்தில் அச்சடித்து உறையிலிட்டுக் கொடுத்து, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் அனுப்பிவிடும் வைத்தியர்களாகிய எங்கள் பழக்கத்தால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் போயிருக்கிறது என்பதை நான் அறிவேன்.

இனி, கட்டி எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது புரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் பிறை வடிவில் இரண்டு கசியிழையத் துண்டுகள் இருக்கின்றன. கிளினிக் வரிசையில் நிற்பவர்கள் இதைச் 'சவ்வு' என்பார்கள். வெளி விளிம்பு தடித்தும் உள் விளிம்பு மெலிந்தும் ஆப்பைப் போல அமைந்திருக்கும் இந்தத் துண்டுகள், உடலின் பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் பரந்து இறங்கும்படி செய்கின்றன. இவற்றின் வெளி விளிம்பை அடுத்த ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இரத்த ஓட்டம் உண்டு; உள் பகுதிக்கு இல்லை. கையில் கத்தி பட்ட காயம் ஆறுவது போல இந்தக் கிழிசல் ஆறிவிடாததற்கு அதுவே காரணம்.

அம்மாவின் கிழிசல் கிடையானது என்று அறிக்கை சொல்கிறது. பணிஸ் ஒன்றைக் கத்தியால் கிடையாகப் பிளந்தால் மேல் தட்டு, கீழ்த் தட்டு என்று இரண்டாகத் திறப்பதைப் போல, மெனிஸ்கஸ் இரண்டு தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. விழுந்து அடிபட்டால்தான் இப்படி ஆகும் என்றில்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகச் சரிவில் ஏறி இறங்கி, திரும்பி, முதுகுப் பாரத்துடன் கால் முறுகி நின்ற முழங்காலில் இது மெல்ல மெல்லவும் உண்டாகலாம். மூட்டுக்குள் எப்போதும் சிறிதளவு வழவழப்பான திரவம் இருக்கும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பாரம் அந்தத் திரவத்தை அழுத்த, அது பிளவின் வழியே வெளி விளிம்பை நோக்கிப் போகிறது. போன திரவம் எளிதில் திரும்புவதில்லை. சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் வொஷர் காற்றை ஒரு பக்கமாகவே விடுவது போல, பிளவின் தட்டுகள் ஒருவழிக் கதவாகிவிடுகின்றன. விளிம்புக்கு வெளியே தேங்கிய திரவம் நாளடைவில் தடித்துக் கூழாகி, ஒரு பையாக உருவெடுக்கிறது. அதுதான் நீங்கள் தோலுக்கு அடியில் தொட்டுப் பார்க்கும் நீர்க்கட்டி. இறக்கத்தில் முழங்காலின் அழுத்தம் கூடுவதால் மாலையில் பெரிதாகிறது. இரவு முழுதும் கால் ஓய்ந்திருப்பதால் காலையில் சற்றுத் தளர்கிறது.

ஊசியால் எடுத்த நீர் ஏன் திரும்பி வந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பையை வெறுமையாக்கினார்கள்; பைக்கு நீர் வரும் வாசல் திறந்தபடியே இருந்தது. ஏழு வாரம் தாங்கியதே பெரிது.

அறிக்கை கையில் இருக்கும்போதும் கட்டியைக் கையால் பரிசோதிக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது என் பிடிவாதம். அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து முழங்காலைச் செங்கோணமாக மடக்கச் சொல்லுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே, நடு நாணின் இருபுறமும் இரண்டு குழிகள் தெரியும். வெளிப்பக்கக் குழியில் விரலை வைத்துப் பக்கவாட்டாக நகர்த்தினால் இரண்டு எலும்புகளுக்கு இடையே ஒரு பள்ளக் கோடு தட்டுப்படும். அதுவே மூட்டின் கோடு. மெனிஸ்கஸைச் சார்ந்த நீர்க்கட்டி பெரும்பாலும் இந்தக் கோட்டின் மட்டத்திலேயே இருக்கும்; தொட்டால் இறுக்கமாக, சில வேளை எலும்போ என்று ஐயுறும் அளவுக்குக் கடினமாகவும் இருக்கும். காலைச் சற்றே மடக்கும்போது புடைத்துத் தெரிந்து, முழுதாக மடக்கும்போது உள்ளே பதுங்கிக்கொள்வது வெளிப்பக்க நீர்க்கட்டிக்கு நன்கு அறியப்பட்ட குணம். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியை நீங்கள் எழுதியிருந்ததே, அறிக்கையைப் பிரிக்கும் முன் என் சந்தேகத்தை இந்தப் பக்கம் திருப்பியது.

முழங்காலைச் சுற்றி வரும் எல்லாக் கட்டிகளும் இதுவல்ல. முழங்காலின் பின்புறக் குழியில் வருவது பெரும்பாலும் பேக்கர் நீர்க்கட்டி. அது மூட்டுத் தேய்வுடன் சேர்ந்து வருவது வழக்கம், அது வெடித்துக் கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால் நாளத்தில் இரத்தம் உறைந்துவிட்டதோ என்று எங்களையே ஏமாற்றும். சில்லுக்கு முன்னால் வருவது, முழந்தாளிட்டு வேலை செய்பவர்களுக்கு உண்டாகும் நீர்ப்பை வீக்கம். உள்பக்கத்தில், மூட்டுக் கோட்டுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே வலியும் வீக்கமும் இருந்தால், அங்குள்ள தசைநாண்களுக்கு அடியிலிருக்கும் பை அழற்சியாக இருக்கலாம். தோலுக்கு அடியில் மெத்தென்று நழுவுவது கொழுப்புக் கட்டி. பின்புறக் கட்டி ஒன்று நாடியைப் போலத் துடித்தால் அது இரத்தக் குழாயின் வீக்கமாக இருக்கக்கூடும். அதில் ஊசி குத்துவது உயிராபத்து. ஓய்வெடுத்தாலும் சிறிதும் குறையாமல் வளர்ந்துகொண்டே போகும் கட்டி, ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டி, ஆழத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் கட்டி ஆகியவற்றைப் பொறுத்தவரை, அது நீர்க்கட்டிதான் என்று படத்தில் உறுதியாகும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. மூட்டருகே வரும் புற்று வகைகளில் சில, நீர்க்கட்டியைப் போலவே வேடமிடும். அம்மாவின் படத்தில் கட்டியின் உள்ளே திரவம் மட்டுமே இருப்பதும், அது கிழிசலுடன் தொடர்ந்திருப்பதும் தெளிவாக எழுதப்பட்டிருப்பதால் அந்தக் கவலை இங்கே இல்லை.

கடன் வாங்கி எடுத்த எம்.ஆர்.ஐ. வீணா என்று நீங்கள் நினைக்கலாம். வீணில்லை, கிழிசலையும் கட்டியையும் இரண்டுக்கும் இடையிலுள்ள வழியையும் ஒன்றாகக் காட்டுவது அதுவே. சாதாரண (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் கட்டியை நன்றாகக் காட்டும், செலவும் குறைவு. ஆனால் மெனிஸ்கஸின் ஆழத்தில் உள்ள கிழிசலை நம்பத்தக்க விதத்தில் காட்டாது. எக்ஸ்ரேயில் நீர்க்கட்டியும் தெரியாது, கிழிசலும் தெரியாது. அப்படியிருந்தும் நான் அம்மாவுக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன். இரண்டு கால்களையும் ஊன்றி நிற்கும் நிலையில் எடுத்த படமாக அது இருக்க வேண்டும்; படுக்க வைத்து எடுத்தால் பாரம் இறங்காததால், மூட்டு இடைவெளி உண்மையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது மறைந்துவிடும். 46 வயதில் மூட்டுத் தேய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதை அறியாமல் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுவது, நிறுக்காமலே கொழுந்துக்குக் கணக்கு எழுதுவதைப் போன்றது.

எண்ணெய் போட்டுத் தேய்த்ததைப் பற்றி உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். பாரமான வேலைக்குப் பிறகு தொடையிலும் கெண்டையிலும் எண்ணெய் தடவி வெந்நீர் ஊற்றுவது இதமானது, அதைத் தொடரலாம். கட்டியின் மேல் பெருவிரலால் அழுத்தித் தேய்ப்பது வேறு. அந்த அழுத்தம் கூழைத் திசுக்களுக்குள் சிதறடித்துப் புது அழற்சியை உண்டாக்கும். அம்மாவுக்கு வலி கூடியது அதனாலேயே. வெளிப்பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்து மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குவது அது. இறுக்கிக் கட்டும் மருந்துப் பத்துக் கட்டோ, பெரிதாகிவிட்ட கட்டியோ அதை அழுத்தினால், நடக்கும்போது பாதம் நிலத்தில் தட்டும்; செருப்பு காலிலிருந்து தானாகக் கழன்று போகும். அம்மாவுக்கு அப்படி நேர்ந்தால் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

மீண்டும் நீர் எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். என் விடை, இப்போதைக்கு வேண்டாம் என்பதே. வலி மிகுந்து, சத்திரசிகிச்சைக்கு உடல்நிலையோ குடும்ப நிலையோ இடம் கொடுக்காதவர்களுக்கு, ஸ்கேனில் பார்த்தபடி தடித்த ஊசியால் கூழை எடுத்து, சிறிதளவு ஸ்டீரொயிட் மருந்து செலுத்துவதுண்டு. சிலருக்குச் சில மாதங்கள் சுகம் கிடைக்கிறது. ஆனால் அம்மாவின் கட்டி ஒரு முறை நிரம்பி வந்துவிட்டது. சீனியும் கூடுதலாக இருக்கிறது. ஸ்டீரொயிட் ஊசி போட்ட பின் சில நாட்களுக்கு இரத்தச் சீனி ஏறும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இந்தக் கட்டி மூட்டுடன் தொடர்புள்ளது. சுத்தமில்லாத ஊசி ஒன்றால் கட்டிக்குள் கிருமி புகுந்தால், அது பிளவின் வழியே மூட்டுக்குள்ளும் போகும். மூட்டுக்குள் சீழ் வைத்தால் சில நாட்களிலேயே கசியிழையம் அழிந்துவிடும். சாதாரண அறையில், ஸ்கேன் வசதியின்றி, போகிற போக்கில் நீர் எடுப்பதை நான் விரும்பாததற்கு இதுவே முதற் காரணம்.

சத்திரசிகிச்சையா, இல்லையா? இங்கேதான் நிதானம் வேண்டும். கிழிசல் இருக்கிறது, ஆகவே வெட்ட வேண்டும் என்பது ஒரு காலத்தில் எங்கள் துறையில் கேள்வியின்றி ஏற்கப்பட்ட வழக்கம். அன்று மெனிஸ்கஸை முழுதாகவே எடுத்துவிடுவார்கள். 1948இல் ஃபேர்பாங்க் என்ற பிரித்தானியச் சத்திரசிகிச்சை நிபுணர், அப்படி எடுத்த முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களில் காலப்போக்கில் தோன்றும் மாற்றங்களை விவரித்த பிறகுதான், அந்தத் துண்டு வீண் பொருள் இல்லை என்ற எண்ணம் பரவத் தொடங்கியது. லயத்தில் ஒருவர் சொன்ன 'ஒப்பரேஷன் செய்தால் முடம்' என்ற பேச்சின் வேர், அந்தக் காலத்துப் பெரிய வெட்டுகளில் இருக்கக்கூடும். இன்று நுண்துளை வழியே கமராவைச் செலுத்தி, கிழிந்து தொங்கும் பகுதியை மட்டும் சீர்ப்படுத்துகிறார்கள். ஆனால் அந்தச் சிறு சிகிச்சையும் எல்லோருக்கும் தேவைதானா என்பதே பின்னர் எழுந்த கேள்வி.

பின்லாந்தில் 35 முதல் 65 வயது வரையான 146 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2013இல் முடிவு வெளியாயிற்று. வயதால் தேய்ந்து கிழிந்த உள்பக்க மெனிஸ்கஸ் உள்ளவர்களில் ஒரு பாதியினருக்குக் கிழிசலைச் சீர்ப்படுத்தினார்கள்; மற்றப் பாதியினருக்குக் கமராவை மட்டும் செலுத்திப் பார்த்துவிட்டு, சிகிச்சை செய்தது போல நடித்து வெளியே எடுத்தார்கள். ஒரு வருடத்தின் பின் இரு பாதியினரின் வலியிலும் நடமாட்டத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோர்வேயில் 140 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 12 வாரம் மேற்பார்வையுடன் உடற்பயிற்சி செய்தவர்களும் சத்திரசிகிச்சை பெற்றவர்களும் இரண்டு வருட முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். உடற்பயிற்சிக் குழுவில் ஐந்தில் ஒருவர் அளவில் இடையில் சத்திரசிகிச்சைக்கு மாறிக்கொண்டார்கள். இவற்றை அம்மாவின் காலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. அந்த ஆய்வுகள் நீர்க்கட்டிக்காகச் செய்யப்பட்டவையல்ல. அம்மாவின் கிழிசல் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. ஆயினும் அவசரப்பட்டுக் கத்தி எடுக்க வேண்டியதில்லை என்று சொல்ல அவை எனக்குத் துணிவைத் தருகின்றன.

ஆகவே நான் அம்மாவைப் பரிசோதிக்கும் இடத்தில் இருந்தால், முதலில் கேட்பது கட்டியின் அளவை அல்ல. கால் பூட்டிக்கொண்டு முழுதாக நீட்ட முடியாமல் நிற்கிறதா? சரிவில் இறங்கும்போது முழங்கால் திடீரென்று விட்டுக்கொடுக்கிறதா? ஒவ்வொரு மாலையும் மூட்டு முழுவதும் வீங்குகிறதா? இரவுத் தூக்கம் கெடுகிறதா? உங்கள் கடிதத்தின்படி, கட்டியின் மேல் வலியும் இறக்கத்தில் குத்தலும்தான் அம்மாவின் குறைகள், பூட்டிக்கொள்வதாக எழுதவில்லை. அப்படியானால் 12 வாரம் முறையான பயிற்சி, வேலையில் சில மாற்றங்கள், அதன் பிறகு மறுபரிசோதனை என்பதே என் ஆலோசனை. வலி தணிந்து கட்டி மட்டும் மிஞ்சினால் அதை அப்படியே விடலாம். வலியில்லாத நீர்க்கட்டிக்குச் சிகிச்சை தேவையில்லை. அது புற்றாக மாறுவதுமில்லை.

பயிற்சியை வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் ஒரு தடவையாவது நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் செய்ய இவை போதும்: பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை நிலத்தோடு அழுத்தியபடி ஐந்து எண்ணும் வரை தொடைத் தசையை இறுக்குவது, மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கி இறக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேற்காலைப் பக்கவாட்டாகத் தூக்குவது, சற்று உயரமான கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து மெல்ல உட்காருவது. ஒவ்வொன்றையும் பத்துத் தடவையாக மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் செய்தால் நல்லது. செய்யும்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் அது தொடர்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மலையில் ஏறி இறங்குவதே பெரிய பயிற்சிதானே என்று அம்மா கேட்பார். அது தசையைக் களைக்க வைக்கிறது. களைத்த தசை இறக்கத்தில் முழங்காலைத் தாங்கிப் பிடிக்காது என்பதே தொல்லை.

மருந்துகளைவிட வீட்டிலும் மலையிலும் செய்யும் மாற்றங்களையே நான் அதிகம் நம்புகிறேன். குந்தியிருப்பதுதான் இந்தக் காலுக்கு முதல் எதிரி. ஆழமாக மடக்கிய முழங்காலில் மெனிஸ்கஸ் நசுங்குகிறது; அந்த நிலையில் கட்டி கண்ணுக்கு மறைவதால், குந்தியிருப்பது நல்லது என்றுகூடச் சிலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். அடுப்பைக் கல்லடுக்கி இடுப்பு உயரத்துக்கு உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். குந்தும் மலசலகூடத்தின் மேல், நடுவில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் கதிரையை வைத்துப் பயன்படுத்தலாம்; செலவு அதிகமில்லை. பீலியடியில் துணி துவைப்பதை நின்றபடி கல்லில் துவைக்கும் விதமாக மாற்றுங்கள். இறக்கத்தில் இடது கையில் ஒரு கம்பை ஊன்றட்டும். நோகும் காலுக்கு எதிர்க்கையில் ஊன்றினால்தான் பாரம் குறையும். படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில்.

வேலை விடயத்தில் ஓர் எச்சரிக்கை. 'இலகுவான வேலை கொடுக்கவும்' என்று மட்டும் வைத்தியர் எழுதிக் கொடுத்தால், பல தோட்டங்களில் நாற்றுமேடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே நாள் முழுதும் தரையில் குந்தியிருந்து பைகளில் மண் நிரப்ப வேண்டும். பாரமில்லை என்பதால் இலகுவானது போலத் தோன்றும், இந்த முழங்காலுக்கோ கொழுந்து பறிப்பதைவிடக் கேடானது. ஆகவே கடிதத்தில், 'குந்தியிருத்தல், முழந்தாளிடுதல், செங்குத்தான சரிவில் பாரம் சுமத்தல் ஆகியவற்றை 12 வாரங்களுக்குத் தவிர்க்க வேண்டும்' என்று விரிவாக எழுதித் தரும்படி கேளுங்கள். தட்டையான மலைகளில் பறிக்கவும், பை பாதி நிரம்பியதும் நிறுவைக்குக் கொண்டுபோகவும் இடம் கிடைத்தால் அதுவே பெரிய உதவி. கிலோ குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுமோ என்ற பயம் அம்மாவுக்கு இருக்கும் என்பதை அறிவேன். அந்தக் கடிதத்தின் பிரதியொன்றைத் தோட்ட நலன்புரி அலுவலரிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் கொடுத்து வைப்பது நல்லது.

வலி மாத்திரைகளில் பனடோல் அம்மாவுக்குப் பொருந்தும். 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு வேளைக்கு இரண்டுக்கு மேலும் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. உடல் மெலிந்தவர் என்றால் அதிலும் குறைவாக. கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனக், இபுபுரோஃபென் மாத்திரைகளைத் தவிருங்கள். அவை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். பிரஷர் மருந்துகள் சிலவற்றுடன் சேரும்போது கேடு இன்னும் கூடும். காய்ச்சல் உள்ள நாட்களில் அவற்றைத் தொடவே கூடாது. அது டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கை வரவழைக்கும். முழங்காலில் பூசும் களிம்பு வகை பரவாயில்லை.

12 வாரத்தின் பின்னும் வலி குறையாவிட்டால், அல்லது இடையில் கால் பூட்டிக்கொண்டால், சத்திரசிகிச்சைக்குத் தயங்க வேண்டாம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்து, முழங்காலில் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த இரண்டு மூன்று துளைகள் வழியாகச் செய்வார்கள். பிளவின் நிலையற்ற தட்டைச் சீவி, கட்டிக்குப் போகும் வழியை மூட்டின் உட்பக்கமாக அகலத் திறந்து, கூழை உள்ளே வடியச் செய்வதே வழக்கம். வாசல் சரியானால் பை தானாகச் சுருங்கும். வெளியிலிருந்து கட்டியை மட்டும் அறுத்தெடுத்து, கிழிசலைத் தொடாமல் விட்டால் அது மீண்டும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே சத்திரசிகிச்சை நிபுணரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'கிழிசலுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?' என்பது. இரண்டாவது, 'தைக்க முடியுமா, சீவத்தான் வேண்டுமா?' என்பது. வெளிப்பக்க மெனிஸ்கஸை அதிகமாக இழந்த முழங்கால், உள்பக்கத்தை இழந்ததைவிட விரைவாகத் தேயக்கூடியது. அதனால் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியுமோ அவ்வளவு நல்லது. சீவினால் ஓரிரு வாரங்களில் வீட்டு நடமாட்டமும், ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் மலை வேலையும் சாத்தியம். தைத்தால் நான்கு முதல் ஆறு வாரம் காலுக்கு உறை போட்டு, குந்துவதைப் பல மாதங்கள் தள்ளிவைக்க நேரும். சத்திரசிகிச்சைக்கு முன் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவது காயம் ஆறுவதற்கு மிக அவசியம். அதை இன்றே தொடங்கலாம்.

எங்கே போவது? டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் அறிக்கையைக் காட்டி, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ கண்டி தேசிய வைத்தியசாலையிலோ உள்ள எலும்பியல் கிளினிக்குக்குச் சிபாரிசுக் கடிதம் பெறுங்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. இன்னொரு தடவை கடன் வாங்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. படத்தையும் அறிக்கையையும் கிளினிக் கொப்பியையும் அம்மா எடுக்கும் மருந்துகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முறை வரும் வரை காத்திருக்கும் நாட்களில் 12 வாரப் பயிற்சி முடிந்துவிடும். ஆனால் காய்ச்சலுடன் முழங்கால் சிவந்து சுட்டால், கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டால், முன்பு சொன்னது போலப் பாதம் தொங்கினால், முறைக்குக் காத்திருக்க வேண்டாம். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

மிச்சம் இருப்பது சிவனொளிபாத மலை. நல்லதண்ணி வழியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்; ஏறுவதை அம்மா எப்படியோ மூச்சுப் பிடித்து முடித்துவிடுவார், இறங்கும் ஒவ்வொரு படியும் அந்தப் பிளவின் மேல் விழும் அடியாக இருக்கும். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கும் பருவம் வைகாசிப் பௌர்ணமி வரை இருக்கிறது. பயிற்சி முடிந்து, வீட்டுக்கு அருகிலுள்ள படிகளில் வலியின்றி இறங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பருவத்தின் கடைசி வாரங்களில் முடிவு செய்யலாம். அப்போதும் முடியாவிட்டால் இந்த வருடம் நீங்கள் ஏறி நேர்த்தியை நிறைவேற்றுங்கள். அம்மா நல்லதண்ணியில் இருந்து கும்பிடட்டும்.